பழைய காரும் விற்பவன் மௌனமும்

வாங்குபவன் கேளாதவிடத்தும், பொருளின் குறையை விற்பவன் தானாகவே கூறக் கடமைப்பட்டவனா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வினா விரிவாக ஆராயப்படுகின்றது. சட்டம் விதித்த அளவுக்குக் குறைகளைக் கூறினால் போதும். பேசாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது டயோஜெனீஸ் என்பாரின் வாதம். வாங்குபவன் அறியவேண்டியதை விற்பவன் தன்னுள்ளே வைத்துக்கொள்ளலாகாது என்பது அவர் மாணாக்கரான அன்ரிபேற்றரின் மறுப்பு. சிசரோ மாணாக்கர் பக்கமே சாய்கின்றார். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் தானியமும் வீடுமாகும். இக்காலத்தில் அவ்வினாவை மேலும் கூர்மைப்படுத்தும் பண்டம் ஒன்றுண்டு. பலர் கைமாறி வரும் பழம்புகழ் ஸ்போர்ட்ஸ் காரே அது.

தொழில் நிமித்தம் பிரித்தானியாவிற் சில ஆண்டுகள் தங்கியுள்ள அந்நியன் ஒருவன், எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்க விழைகின்றான் எனக் கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் நகரில் உற்பத்தியான இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகின்றது. எனவே, கதவுகளின் கீழுள்ள தகட்டுப் பகுதிகள் துருப்பிடித்துவிடின் வண்டியின் முதுகெலும்பே நலிந்ததாகும். ஆயினும் துளைகளை அடைக்கும் பசையும் புதுவர்ணப் பூச்சும் அதனைக் கண்ணுக்கு மறைத்துவிடும். 2018ஆம் ஆண்டு முதல், 40 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுட் பெரும்பாலானவை அந்நாட்டின் கட்டாய வருடாந்தச் சோதனையினின்றும் விலக்கப்பட்டுள்ளன. பொருளின் தரம் பற்றிய பொறுப்பைச் சட்டம் வணிகர் மீதே சுமத்துகின்றது. தனியார் ஒருவர் தாம் கூறியது பொய்யாகாதவரை, கூறாமல் விட்டதற்காகப் பெரும்பாலும் தண்டிக்கப்படுவதில்லை. உள்ளூரவனுக்கு அயலிலே அறிமுகமான திருத்துநர் இருப்பார். அந்நியனுக்கோ விற்பவனின் வாய்ச்சொல்லே துணை.

டயோஜெனீஸின் கட்சியை இலகுவில் ஒதுக்கிவிடவும் முடியாது. வாங்குபவன் குழந்தையல்லன், பழையது என அறிந்தே வருகின்றான், கூலி கொடுத்து வல்லுநரைக் கொண்டு பரிசோதிக்கலாம். போக்குவரத்துக்காக மட்டும் வாங்கப்படும் சாதாரண வண்டிக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தக்கூடும். ஆனால், பழம்புகழ் காரை வாங்குபவன் வெறும் இரும்பையும் இயந்திரத்தையும் வாங்குவதில்லை. அதன் கடந்தகாலத்தையே விலைகொடுத்துப் பெறுகின்றான்.

இவ்வுண்மை 1990இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்திலே வெளிப்பட்டது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லே மான் ஓட்டப் போட்டியில் வென்ற பென்ற்லி காரை ஒரு கோடிப் பவுணுக்கு வாங்க ஒப்புக்கொண்ட கம்பனியொன்று, அது உண்மையான கார் அன்று எனக் கூறிப் பணம் செலுத்த மறுத்தது. காலப்போக்கில் அதன் பாகங்கள் பல மாற்றப்பட்டிருந்தன. ஆயினும், தொடர்ச்சி அறாத வரலாறு அதற்கு உண்டெனக் கண்ட நீதிபதி, அது ஆதியில் இருந்தவாறே இல்லாவிடினும் மெய்யான காரே எனத் தீர்ப்பளித்தார். அப்பெயருக்கு உரிமை தந்தது உலோகம் அன்று, வரலாறேயாகும்.

வரலாறே பண்டமாயின், அதனை அறிந்தவனின் உண்மையுரையும் பண்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. துருவை வல்லுநர் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தல் கூடும். முன்னொருகால் நேர்ந்த விபத்தையும் மாற்றப்பட்ட இயந்திரத்தையும் முழுமையாக அறிந்தவன் விற்பவனே. அவன் மௌனம் சாதிப்பது, அளவிற் குறைத்து நிறுப்பதற்கு ஒப்பாகும். வணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமை இங்கு மனங்கொளத்தக்கது.

உண்மை கூறின் விலை குறையும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வாறு குறையும் தொகை விற்பவனுக்கு எக்காலத்தும் உரியதாயிருக்கவில்லை. பிறனொருவனின் அறியாமைக்கு இடப்பட்ட விலையே அது. இக்கடமை முதல் விற்பவனுடன் முடிவதுமில்லை. நாடு திரும்பும் நாளில் அந்நியனும் விற்பவனாகின்றான். தான் ஏமாந்தமை பிறரை ஏமாற்றும் உரிமையை அவனுக்கு வழங்காது. அவன் வாய்திறந்து குறைகளைக் கூறும்போதே, முன்னவன் மௌனத்தால் அறுந்த வரலாறு மீண்டும் தொடர்புறும்.