கல்லாது வந்த ஞானம்

பிறந்த குழந்தை தாயின் மார்பை நாடி வாய் திறக்கிறதே, அந்த வித்தையை அதற்குக் கற்பித்தவர் யார் என்ற கேள்வியைக் கௌதமர் தம் நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் எழுப்பி, இந்தப் பிறவியில் கற்காத ஒன்றை ஓர் உயிர் அறிந்திருக்குமானால் அது முற்பிறவியின் அனுபவம் விட்டுச்சென்ற சம்ஸ்காரமாகவே இருத்தல் வேண்டும், ஆகவே தேகம் தோன்றுமுன்பும் இருந்த ஆத்மா ஒன்று உண்டு என்று நிறுவுகிறார். எதிர்வாதியின் ஆக்ஷேபங்களையும் அவர் மறைப்பதில்லை. தாமரை மலர்வதும் குவிவதும் முற்பிறவி நினைவினாலா? காந்தத்தை நோக்கி இரும்பு நகர்வதும் ஞாபகத்தினாலா? இவற்றுக்கு அவர் கூறும் சமாதானங்களைப் படித்துத் தலையசைத்துவிட்டுப் போயிருந்த எனக்கு, அந்த வாதத்தின் முழுக் கனமும் விளங்கியது இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் ஜில்லாவின் செல்போர்ன் என்னும் சிற்றூரை ஒட்டிய குன்றின் பீச் மரக் காட்டில், இலையுதிர்காலத்து நடைகளின்போதுதான்.

அவ்வூரில் 1720-இல் பிறந்து, அங்கேயே தேவாலயப் பணி செய்து, 1793-இல் மறைந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், தோற்றத்தில் பிரித்தறிவது அரிதான மூன்று இலைக்கதிர்க் குருவி இனங்களைக் குரலைக்கொண்டே வேறுபடுத்திய கூர்த்த செவியினர். அவ்வூரின் இயற்கையைக் குறித்து 1789-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அத்தகையவரையும் தகைவிலான் குருவிகள் ஏமாற்றின. ஜிப்ரால்டரில் இருந்த சகோதரர் பறவைக் கூட்டங்கள் கடல் கடப்பதை எழுதியனுப்பிய பின்னும், அவற்றுள் சிலவேனும் ஊரிலேயே எங்கோ ஒளிந்து குளிர்காலம் முழுதும் உறங்கக்கூடும் என்ற எண்ணத்தை அவரால் கைவிட முடியவில்லை. 1911-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் காலில் வளையமிட்டு விடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்ட பிறகுதான், அவ்வளவு சிறிய உடல் அவ்வளவு தூரம் போகிறது என்பது பிரத்தியட்சமாயிற்று.

தூரத்தைவிட வியப்பானது வழியறிவு. இங்கிலாந்துக் குயில், நம் குயிலைப் போலவே பிறர் கூட்டில் முட்டையிடும் இனம். நாணற்காட்டுக் கதிர்க்குருவி ஊட்டி வளர்த்த குஞ்சு பறக்கத் தேறும் வேளையில், அதைப் பெற்ற தாயும் தந்தையும் ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்டுப் போயிருக்கும். தன் இனத்தில் ஒருவரையும் அருகிருந்து அறியாத அக்குஞ்சு, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தன்னந்தனியே கிளம்பி, கடலையும் பாலைவனத்தையும் தாண்டி, பெற்றோர் சென்ற கண்டத்தையே சென்றடைகிறது. கௌதமர் இதைக் கண்டிருந்தால், பால் நாடும் சிசுவை விட்டு இதையன்றோ திருஷ்டாந்தமாகக் காட்டியிருப்பார்!

ஆயின் எதிர்வாதியும் இன்று வெறுங்கையனல்லன். பிராங்க்பர்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1960-களில் ராபின் பறவையைக் கூண்டிலிட்டு, கம்பிச் சுருள்களால் காந்தப் புலத்தின் வடக்கைத் திருப்பியபோது, பறவை பறக்க முயன்ற திசையும் உடன் திரும்பிற்று. காந்தமும் இரும்பும் என்று அன்று சொன்ன உவமை ஏறக்குறைய அப்படியே மெய்ப்பட்டதுபோல. டச்சு அறிஞர் பெர்டெக், ஹேக் நகரருகே வலசை வந்த ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவைகளில் 11,000-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துச் சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விடச்செய்து, விளைவை 1958-இல் வெளியிட்டார். முதிர்ந்தவை இடமாற்றத்தை உணர்ந்து திசை மாற்றிப் பழைய குளிர்கால இருப்பிடத்தை நோக்கின. முதன்முறை வலசை போகும் இளம்பறவைகளோ, இரத்தத்தில் ஊறிய அதே திசையில் தொடர்ந்து பறந்து, தம் கூட்டத்தார் வழக்கமாகச் செல்லாத ஸ்பெயினையும் தென்பிரான்சையும் அடைந்தன. இளையவற்றிடம் இருந்தது திசை மட்டுமே. இடத்தை அறியும் அறிவு அனுபவித்த பின்னரே வருகிறது.

இவ்வளவையும் எண்ணியபடி அக்டோபரில் செல்போர்ன் குன்றின் சரிவில் ஏறினால், பார்வை தானே தரைக்கு இறங்கிவிடும். காய்ந்து விழுந்த பீச் கிளையில் பீங்கான் காளான்கள் கூட்டமாக முளைத்திருக்கின்றன. பால்வெண்மையான தொப்பியின்மேல் வழுவழுப்பான பசை. குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் அடியிலுள்ள மடிப்புக்கள் தொப்பியினூடே நிழற்கோடுகளாகத் தெரிகின்றன. காம்பைச் சுற்றி மெல்லிய வளையம். நாம் காளான் என்று சொல்வது கனி மட்டுமே. உடம்பு என்பது மரத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்து அதைத் தின்றுகொண்டிருக்கும் நுண்ணிழைகள். அவ்விழைகளும் பெரும்பாலும் ஒரே வித்திலிருந்து வந்தவையல்ல. இரு வித்துக்களிலிருந்து கிளம்பியவை சந்தித்துக் கலந்த பிறகே கனி தோன்றுகிறது. சற்றுத் தள்ளி பிர்ச் மரத்தடியில் நிற்கும் செந்நிற நாய்க்குடையோ, மரத்தின் வேரோடு பிணைந்து, உப்புச்சத்தைக் கொடுத்துச் சர்க்கரையைப் பெற்று வாழ்வது. இங்கே 'நான்' என்று சொல்லத்தக்கது எது, எங்கே அது முடிகிறது என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட எனக்கு இடம் அகப்படவில்லை.

என் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறேன். அனுபவமின்றி அறிவில்லை என்ற அளவில் கௌதமர் வாதம் அசைக்க முடியாதது. குயிற்குஞ்சின் வழியறிவுக்குப் பின்னால் எத்தனையோ கோடிப் பயணங்கள் இருக்கின்றன. அனுபவித்தவரும் அறிபவரும் ஒரே ஆத்மாவாக இருந்தே தீரவேண்டும் என்ற அடுத்த படிதான் எனக்குத் தளர்கிறது. இதனால் ஆத்மா இல்லை என்றாகிவிடாது. அதற்குரிய பிரமாணத்தை வேறிடத்தில் தேடவேண்டும் என்பதே பெறப்படும். நினைவு பரம்பரையினுடையது. காந்தத்தைக் காட்டும் எதிர்வாதி, பறவை எப்படித் திரும்புகிறது என்பதற்கு விடை சொல்கிறானேயன்றி, இந்தத் திசைதான் வாழ்வின் திசை என்று அவ்வுடல் எவ்வாறு அறிந்தது என்பதற்குச் சொல்லவில்லை. அதற்கு விடை மரணம். திசை பிறழ்ந்தவை கடலில் வீழ்ந்தன. பிறழாதவை மறுவசந்தத்தில் மீண்டு இனம் பெருக்கின. எப்போதோ ஒரு பிறழ்ச்சி தப்பிப் பிழைத்து வழியாகிவிடுவதும் உண்டு: மத்திய ஐரோப்பாவின் கருந்தலைக் கதிர்க்குருவிகளுள் ஒரு பகுதி, ஸ்பெயினை விட்டு வடமேற்கே திரும்பி, பிரிட்டனின் தோட்டங்களில் குளிர்காலத்தைக் கழிக்கத் தலைப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான், அத்திசையை அவற்றின் குஞ்சுகளும் பிறவியிலேயே பெறுகின்றன.

ஆகவே இந்த ஞானத்தை உருவாக்கியவர்களுள் சந்ததியை விட்டுச் சென்ற முன்னோர் ஒரு பகுதியினரே. வழி தவறி, வாரிசின்றி அழிந்தவை எத்தனையோ. அவற்றின் இரத்தம் இன்றைய பறவை எதிலும் ஓடவில்லை. எனினும் அவை அழிந்ததனாலேயே வழி வழியாயிற்று. தகைவிலான்கள் பயணத்துக்குக் கூடும் செப்டம்பர் நாட்களை ஒட்டியே நம் நாட்டில் மகாளய பட்சம் வருகிறது. அப்போது செய்யும் தர்ப்பணத்தில், தந்தை பாட்டன் முப்பாட்டன் என்று பெயர் சொல்லி நீர் விட்டபின், தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாத எவரெவர்க்கோ எள்ளும் நீரும் இறைக்கும் இறுதிப் பகுதி ஒன்று உண்டு. நெடுங்காலம் அதைக் கருணையின் காரியமென்றே எண்ணியிருந்தேன். இப்போது அதைக் கடன் என்று எண்ணுகிறேன், பெயரிட்டுச் செலுத்தும் கடனுக்கு எவ்வகையிலும் குறையாத கடன்.