காணாத இடத்தின் நேர்மை

பிறர் கண்ணுக்குத் தெரியும் செயலில் நேர்மை காப்பது ஓரளவு எளிது. புகழின் மீதுள்ள விருப்பமும் பழியின் மீதுள்ள அச்சமும் அங்கே நமக்குத் துணை நிற்கின்றன. ஆயின், எவரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் செய்யும் வேலைக்காக நாம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்? இவ்வினாவுக்கு விடை தேட நூலகத்தைவிடப் பட்டறையே சில வேளைகளில் தகுந்த இடமாக அமைகிறது.

படகின் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரை நம் கடற்கரை மக்கள் நன்கு அறிவர். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் செய்த ஓலே எவின்ரூட் 1909-ஆம் ஆண்டில் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்து அதைப் பரவலாக்கினார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுபோயிற்று. எனினும் 1950-களில் செய்யப்பட்ட எவின்ரூட், ஜான்சன் மோட்டார்களைப் பிரித்துச் செப்பனிட்டு அமெரிக்க ஏரிகளில் இன்றும் ஓட்டுவோர் உளர்.

அம்மோட்டாரின் அடியில், நீருக்குள் மூழ்கியிருக்கும் அலுமினியக் கூடு ஒன்று உண்டு. மேலிருந்து இறங்கும் தண்டின் சுழற்சியை அதனுள் இருக்கும் பற்சக்கரங்கள் ஏற்று, புரொப்பெல்லர் தண்டுக்கு மாற்றித் தருகின்றன. அவை எண்ணெயிலேயே வாழ்கின்றன. உள்ளே எண்ணெய், வெளியே நீர். இரண்டையும் பிரித்து வைப்பது தண்டைச் சுற்றி அணைத்திருக்கும் ஆயில் சீல் என்னும் சிறு வளையம். அதன் மெல்லிய ரப்பர் உதடு மூப்பினால் இறுகிப்போகலாம். தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு அதை அறுத்துவிடலாம். அப்போது நீர் உட்புகும். எண்ணெய் பால்போல் வெளுக்கும். பேரிங்குகள் துருவேறும். குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்து ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்து, கூட்டையே பிளந்துவிடுவதும் உண்டு.

இந்நிலையில் செப்பனிடுவோன் முன் இரு வழிகள் உள்ளன. வெளுத்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய எண்ணெயை நிரப்பி, மேலே வண்ணம் பூசி விற்றுவிடலாம். விற்கும் நாளில் திருகாணியைக் கழற்றிப் பார்த்தாலும் எண்ணெய் தெளிவாகவே தெரியும். மற்றொரு வழி நீண்டது. கூட்டைப் பிரித்து, பழைய சீல்களைப் பெயர்த்து, தண்டைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பல்லாண்டு உரசலில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், அதன்மேல் புதுச் சீலைப் பொருத்திப் பயனில்லை. பள்ளம் நீரை மீண்டும் உள்ளே விடும். பழக்கம் உழுத தடத்தைத் தொடாமல் தீர்மானத்தை மட்டும் புதுப்பிப்போர்க்கு இது புரியாததன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பழைய மோட்டாரின் விலையைவிட அதற்குச் செலவாகும் உழைப்பின் விலை மிகும். அவ்வளவு நுணுக்கம் வீண் பெருமையன்றோ? ஆம், பழுதைப் பழுதாகவே விட்டுவைக்க எவருக்கும் உரிமை உண்டு. அதைக் காட்சிப்பொருளாக வைக்கலாம்; குறையைச் சொல்லிக் குறைந்த விலைக்கும் விற்கலாம். அரைகுறை வேலை தன்னளவில் பொய்யாகாது. அரைகுறையை முழுமை என்று காட்டும்போதே பொய் பிறக்கிறது. அந்தப் பொய்யை நம்பி ஒருவர் தம் பிள்ளைகளோடு ஏரியின் நடுவே போவார். அங்கே பற்சக்கரம் நொறுங்கினால், அலையிடம் அகப்படுவோர் வண்ணம் பூசியவர் அல்லர். ஆகவே, மறைவிடத்து வேலை தனிமனிதனின் அந்தரங்கம் என்று எண்ணுவது பிழை. அதற்கு எப்போதும் மற்றொருவர் இருக்கிறார். அவர் முகம் நமக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவே.

வேலை முடிந்தபின் கைத்தேர்ந்தோர் ஒரு சோதனை செய்வர். எண்ணெய் ஊற்றுமுன் வெற்றுக் கூட்டினுள் கைப்பம்பினால் காற்றைச் செலுத்தி, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பர். நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்றும் நோக்குவர். வியப்பான செய்தி என்னவெனில், மிகுந்த அழுத்தத்தில் கசியாத சீல் குறைந்த அழுத்தத்தில் கசியக்கூடும். மிகுந்த அழுத்தம் ரப்பர் உதட்டைத் தண்டோடு இறுக அழுத்திக் குறையை மறைத்துவிடுகிறது. ஆதலால் முதலில் குறைந்த அழுத்தத்தில் சோதித்து, பிறகே அதைக் கூட்டுவர். காற்றை உறிஞ்சி எடுத்தும் பார்ப்பர். ஏனெனில் எண்ணெயை வெளியே விடாத சீல் நீரை உள்ளே விடலாம்.

மனிதனும் இவ்வாறே. பெருஞ்சோதனை வரும்போது, ஊரே பார்த்து நிற்கையில், பலர் உறுதியாக நின்றுவிடுகின்றனர். நெருக்கடியே அவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கசிவு நிகழ்வது எளிய நாள்களில்தான்: எவரும் சரிபார்க்காத கணக்கில், கேட்க ஆளில்லாத முதியவரிடம் பேசும் சொல்லில், இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் விதத்தில். வீரத்தைக் கொண்டு நம் நேர்மையை அளப்பது போதாது; சாதாரண நாளின் குறைந்த அழுத்தத்திலும் அதை அளந்து பார்க்க வேண்டும்.

கூடு மூடப்பட்டபின் அந்தச் சிறு வளையத்தை எவரும் காணார். அது செம்மையாய் அமைந்தால் பேசப்படவும் மாட்டாது. எண்ணெய் தெளிந்திருக்கும், படகு கரை சேரும். செய்தவனுக்குக் கிடைப்பது மனச்சான்றின் அமைதி ஒன்றே. அவன் அறியாத ஒருவர் பத்திரமாக வீடு திரும்புகிறார் என்றால், அவ்வமைதிக்கு வேறு சாட்சி தேவையில்லை.