சமநிலை நீதியாகுமா?

‘தக்கவை பிழைக்கும், தகாதவை அழியும்’ என்னும் கூற்று இன்று கற்றோர் நாவிலும் மற்றோர் நாவிலும் பயில்கிறது. இயற்கையே தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்றால், வாழ்கின்றவர் வாழத் தக்கவர், வாடுகின்றவர் வாடத் தக்கவர் என்று ஆகிவிடாதோ? இவ்வாறு ஐயுறுவோர் உளர். இதனையே முடிவாகக் கொண்டு மாந்தரைத் தரம் பிரித்தோரும் உளர். ஆதலின் அறிவியலார் நன்கு நிறுவிய ஒரு சான்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அரிவாளணுச் சோகை என்றொரு நோய் உண்டு. வட்டமாய் இருக்க வேண்டிய குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய நாளங்களை அடைத்துவிடும். எலும்பைக் குடையும் வலி உண்டாகும், உறுப்புகள் பழுதுறும். இதன் மூலத்தை வெர்னான் இங்கிராம் 1957-இல் விளக்கினார். ஹீமோகுளோபினின் பீட்டா இழையில் கோத்த 146 அமினோ அமிலங்களுள் ஆறாவது மாறியிருக்கிறது. மரபணுச் சுவடியில் ஓரெழுத்து மாற்றம்; அவ்வளவே.

இத்துணைக் கொடிய மாற்றம் தலைமுறைதோறும் ஏன் நின்று நிலவுகிறது? கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்த அந்தோனி அல்லிசன் 1954-இல் விடை பகர்ந்தார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்ற பிள்ளை பொதுவாக நோயுறுவதில்லை. உயிர்கொல்லும் மலேரியாவினின்றும் அது பெரிதும் காக்கப்படுகிறது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளையோ நோய்க்கு இரையாகிறது. பெற்றோர் இருவருமே இதனைச் சுமப்பவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அவ்வாய்ப்பு உண்டு.

இதனை ஓர் இனத்தின் கறை என்பதும் பொருந்தாது. ஆப்பிரிக்காவில் மட்டுமன்றிக் கிரேக்கத்திலும், அரபு நாட்டின் கீழைப் பகுதியிலும், 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடத்தும் இது காணப்பட்டது. தோலின் நிறத்தைப் பாராது, மலேரியாக் கொசு வாழ்ந்த நிலங்களையே இது தொடர்ந்து சென்றிருக்கிறது. அவ்வாறிருந்தும், அமெரிக்க விமானப்படைக் கல்லூரி இம்மாற்றத்தைச் சுமந்த நலமுடைய இளைஞரை 1981 வரை சேர்க்க மறுத்தது. மலேரியா மிகுந்த ஊரில் கேடயமாகும் ஒன்று, மலேரியா ஒழிந்த நகரில் வெறுஞ்சுமையாகிறது. இடத்தோடு மாறும் இத்தகுதியை மனிதனின் பெருமைக்கோ சிறுமைக்கோ அளவுகோலாக்குவது எங்ஙனம்?

‘ஒருவர் வருந்தினும் பலர் பிழைக்கின்றனரே, கூட்டிக் கழித்தால் ஆதாயமன்றோ?’ எனச் சிலர் வினவலாம். அரபு மொழியில் நீதியை ‘அத்ல்’ என்பர். அதே வேரிற் பிறந்த ‘இத்ல்’ என்னும் சொல், ஒட்டகத்தின் இரு மருங்கும் நிகராகத் தொங்கும் பொதிகளுள் ஒன்றைக் குறிக்கும். அவ்விரு பொதியும் ஒரே ஒட்டகத்தின் முதுகில் அமைவன என்பதை நாம் நோக்க வேண்டும். ஈண்டோ, காப்பு ஒரு பிள்ளைக்கு, நோவு அதன் உடன்பிறந்ததற்கு. மொத்தக் கணக்குச் சரியாயிருக்கலாம். ஆயினும் நோவுறும் குழந்தையின் தட்டில் இட்டு நிகராக்கத்தக்கது ஒன்றுமில்லை. எனவே இதனைச் சமநிலை எனலாம். நீதி எனல் ஆகாது.

இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் பேதைமையே. தராசு எடை காட்டுமேயன்றி இரங்குமோ? அறிந்தவன் மனிதன், ஆதலின் கடமையும் அவனுடையதே. காக்கப்பட்டவர் யாவரும் வருந்துவோருக்குக் கடன்பட்டவர் என்பது நம் துணிபு.

அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுகிறது? பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-இல் இந்நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவில் ஒருவருக்கு அதன் விலை 22 இலட்சம் டாலர்! இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் ஏழைப் பிள்ளைகள். பிறந்தவுடன் ஒருதுளிக் குருதியைச் சோதித்தல், தொற்றைத் தடுக்கும் பெனிசிலின், வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா ஆகிய எளிய உதவிகளும் அவர்களுள் பலரை எட்டுவதில்லை. மரபணு விளைத்த ஏற்றத்தாழ்வுக்கு எவரும் பொறுப்பல்லர். மருந்து கைவசமிருந்தும் நிலவும் இவ்வேற்றத்தாழ்வுக்கு நாம் பொறுப்பல்லேம் என்று கூற எவரால் இயலும்?