தயாராக இல்லாதவர் யார்?

1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் பத்தே நாளில் இல்லாமல் போனது. 17-ஆம் தேதி மாலை, வாடிக்கையாளர் ₹25,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. 27-ஆம் தேதி அது டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. திருச்சி வட்டாரத்தில் இந்த வங்கியை நம்பிக் கணக்கு வைத்திருந்த வியாபாரிகளும் ஓய்வூதியர்களும் ஏராளம். ‘போட்ட பணம் பத்திரமா இருக்குமா சார்?’ என்று கேட்டால், கேட்டவர் காலைப் பத்திரிகையில் படித்ததற்கு மேல் கவுன்ட்டரில் இருந்தவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இணைப்புக்குப் பின் குளறுபடி வந்தால், ‘ஊழியர்கள் மாற்றத்துக்குத் தயாராக இல்லை’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. தயார்நிலை என்பது என்னவோ பிறவிக் குணம் போல! தகவல், பயிற்சி, அவகாசம் மூன்றும் கொடுத்தால்தான் அது வரும். கொடுக்கவேண்டியவர் கொடுக்காமல், பெறாதவரைக் குறை சொல்வது அறமாகாது.

முன்கூட்டியே சொன்னால் கூட்டம் வாசலில் திரண்டு வங்கியே கவிழ்ந்துவிடும் என்பார்கள். மூழ்கும் வங்கிக்கு அது பொருந்தும். அங்கே வாய்மூடி இருந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அலகாபாத் வங்கியை இந்தியன் வங்கியோடு சேர்க்கும் முடிவு 2019 ஆகஸ்ட் 30 அன்று ஊரறியவே அறிவிக்கப்பட்டது. இணைப்பு நடந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. நடுவில் ஏழு மாதம். இதுபோன்ற இணைப்புகளில் ரகசியத்தைக் காரணம் காட்ட இடமே இல்லை. வேலையும் சம்பளமும் போகவில்லையே என்பது இன்னொரு சமாதானம். அது சிறிய விஷயமில்லைதான். ஆனால் நாற்காலி மிஞ்சுவது வேறு, எதிரே இருக்கும் புதுத் திரையில் எதை அழுத்துவது என்று தெரிவது வேறு. அது தெரியாததன் விலையைக் கொடுப்பவர், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பாஸ்புக்கோடு நடந்து வந்து, ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்கோ மாமா’ என்ற பதிலோடு வெயிலில் திரும்பும் முதியவர்.

கலந்து பேசினால் காரியம் கெடும் என்பவர்கள் 1983-ஐ நினைத்துப் பார்க்கலாம். வங்கிக்குள் கணினி வருவதற்கு, வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. எத்தனை இயந்திரம் என்பதற்குக்கூட வரம்பு வைத்தார்கள். அதனால் கணினி தாமதமாக வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பேரேட்டில் கையால் எழுதிப் பழகிய ஒரு தலைமுறை, அந்த அவகாசத்தில்தான் விசைப்பலகைக்கு மாறியது. இன்று அவ்வளவு நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை. இணைப்பு நாளுக்கு முன்பே கிளைதோறும் சில வாரப் பயிற்சி போதும். அடுத்த முறை உங்கள் கிளையில் வரிசை நகராவிட்டால், எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்தும் முன், அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.