கண்டக் கழலையும் எஞ்சிய வினையும்

உயிர் உடம்பொடு கூடி வாழ்வது முன்செய்வினையின் பயனை நுகர்ந்து கழித்தற்பொருட்டு என்பது சைவசித்தாந்தத் துணிபு. இத்துணிபை ஏட்டிற் பயிலுதல் எளிது. ஒரு நோயின்கண் வைத்து ஆராயுங்கால் ஐயங்கள் பல எழும். நோய் அகன்ற பின்னும் அதன் எச்சம் உடம்பில் நின்றுவிடுமாயின், அது கழிந்த வினையா, இன்னும் கழிய வேண்டுவதா? வாழ்நாள் முழுதும் மருந்துண்டே உயிர் தரித்திருப்பவன் வினையை நுகர்கின்றானா, விலக்குகின்றானா? மிடற்றிலுள்ள தைராய்டு என்னும் சுரப்பியைச் சத்திர சிகிச்சையால் முற்றும் நீக்கப்பெற்றோர் நிலை இவ்வினாக்களுக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

கொடைக்கானலில் ஈழத்துப் பொன்னம்பலம் இராமநாதரின் துணைவியார் இலீலாவதி அம்மையார் 1936 ஆம் ஆண்டில் எழுப்பிய குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் உளது. வானந் தெளிந்த நாளில் அங்கு நின்று நோக்குவார்க்குக் கீழே பழனித் திருமலை தோன்றும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் குளிர் யாவர்க்கும் குளிரே. எனினும், உடற்சூட்டை ஆளும் அச்சுரப்பியை இழந்து, மருந்தின் அளவும் குறைந்து நிற்பார்க்கு அது எலும்பினுட் புகும் குளிர். குளிர் ஆதிபௌதிகம், உடற்பிணி ஆதியான்மிகம். இரண்டும் ஓருடம்பிற் கூடித் தாக்குங்கால், அருகில் நிற்பவர் அறியாத துன்பத்தை ஒருவர் போர்வைக்குள் தாங்குகின்றார். மலை ஒன்றே, நுகர்ச்சி வேறு.

கழுத்துக் கழலை மலைநாடுகளில் மிகுதி. மழைநீர் மண்ணிலுள்ள அயோடின் என்னும் சத்தைக் கழுவிச் செல்வதே பெருங்காரணம். நம் நாட்டில் காங்கிரா பள்ளத்தாக்கில் 1956 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆராய்ச்சியும் அதன்பின் பரவிய அயோடின் உப்பும் இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தன. அருணகிரிநாதர் திருத்தணிகைத் திருப்புகழொன்றில் நோய்களை அடுக்கியுரைக்கும்போது களமாலையையும் உடன்வைத்தெண்ணியது, அப்பெயர் அக்காலத்து மக்கள் நாவிற் பழகியதென்பதைக் காட்டும்.

சுவிட்சர்லாந்திலுள்ள பேர்ன் நகரத்து வைத்தியர் கோக்கர் இச்சிகிச்சையில் நிகரற்றவர்; 1909 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவர். அவர் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்ட நோயாளர் பலர் பின்னர் முகம் வீங்கி, அறிவு மந்தமாகி, சோர்ந்து கிடந்தனர். இதனை அவர் மறைத்தாரல்லர். 1883 ஆம் ஆண்டில் வைத்தியர் அவையிலே தாமே எடுத்துரைத்தார். கத்தி நன்றே செய்தது, எஞ்சியதோ நன்றன்று. அதன்பின் 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மர்ரே என்பார், தைராய்டுக் குறையால் நலிந்த 46 வயது மாதொருவர்க்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஏற்றினார். அம்மாது மேலும் 28 ஆண்டு வாழ்ந்தார். அவர் பொருட்டு உயிரிழந்த ஆடுகள் 870க்கு மேல்.

கொல்லாமையை விரதமாகக் கொண்ட சைவன் இவ்விடத்தில் தயங்காதிருத்தல் ஆகாது. ஓருயிர் நிலைபெற 870 உயிரா? ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் 1927 ஆம் ஆண்டில் அச்சத்தை ஆய்கூடத்திலேயே சமைத்துக் காட்டியமையால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கிற்று. இன்று நம்மவர் உண்ணும் மாத்திரை அவ்வகையினதே. கூட்டிலடைத்த மருந்தாயின் அக்கூடு விலங்கின் பசையாலாயதோ என வினவிக்கொள்ளுதல் நன்று.

இனி, “நோய் வினைப்பயனாயின் அதனை நுகர்ந்தே தீர்க்க, மருந்து தேடுதல் இறைவன் ஆணையை மறுப்பதன்றோ?” எனின், அற்றன்று. கொங்கு நாட்டில் அடியார்களைப் பனிநோய் பற்றியபோது ஞானசம்பந்தப் பெருமான் அவரைப் பொறுத்திருமின் என்று விடுத்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி நாடெங்கும் அந்நோயை விலக்கினார். வினையென்று கூறி, உய்தற்குரியதை நாடாதிருத்தல் குறை என்பதே அப்பதிகக் கருத்து. பழனியாண்டவர் திருமேனியே போகர் மருந்துச் சரக்குகளால் ஆக்கியது என்று வழிவழி கேட்டு வணங்குவோர், மருந்தை அவநம்பிக்கையென்று இகழ்தல் எங்ஙனம்?

வினைப்பயனூட்டும் இறைவனுக்கு, சில நோயைக் கீறியும் சில நோயைப் பாலும் சர்க்கரையும் தந்தும் தீர்க்கும் மருத்துவனைச் சிவஞானசித்தியார் உவமையாக்கும். கீறியபின் எஞ்சுவதற்கு வாசனாமலத்தைப் பற்றிய பெருங்காயப் பாத்திர உவமை நினைவில் எழும். ஆயினும் அது முற்றும் பொருந்தாது. பாத்திரத்தில் எஞ்சுவது மணம். ஈண்டு எஞ்சுவது இன்மை. அவ்வின்மையை நாள்தோறும் ஒரு மாத்திரையால் நிரப்பவேண்டும். இதனை இழிவென்று வருந்துவோர் உளர். நலமுடையான் தன் சுரப்பியைத் தானே இயற்றிக் கொண்டானோ? தனு கரண புவன போகங்கள் யாவும் கொடுக்கப்பட்டவையே. ஒருவனுக்கு உள்ளிருந்து அறியாமலே வருவது மற்றொருவனுக்கு உள்ளங்கையில் அறிய வருகின்றது, வேறுபாடு இவ்வளவே.

குரலை இழந்தார் நிலை இதனினும் கடிது. அச்சுரப்பியின் பின்னே குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பு ஓடுகின்றது; அது ஊறுபடின் குரல் கம்மும். திருமுறை ஓதுவார்க்கு இது எத்தகைய இழப்பு! “வாய்விட்டுரைப்பதினும் மானதமே உயர்ந்தது, கவலற்க” என்று அவர்க்குச் சொல்வது வழக்கம். அவ்வாறுதல் உண்மையேனும் போதியதன்று. தானே அடங்கிய நா வேறு. அடக்கப்பட்ட நா வேறு. பண்ணோடு ஓதிய இன்பம் இறைவன் தந்த போகமே; அஃது ஒழிந்தமைக்கு அழுதல் குற்றமாகாது. அழுதபின் பிறர் ஓதக் கேட்டு உருகுதலும், இளையார்க்குத் தாளமும் சொற்பிரிவும் காட்டுதலும் அவர்க்கு எஞ்சிய தொண்டு.

சஷ்டி நோன்பில் மாத்திரையை விடலாமோ என்பார்க்கும் ஒன்று கூறற்பாலது. அம்மருந்து வைகறையில் வெறுவயிற்றில் நீரோடு கொள்வது, உணவு அன்று, ஆகலின் நோன்பிற்கு இழுக்கில்லை. உடம்பிற் சென்ற சத்துப் பாதியாகக் குறைய ஏழு நாள் அளவாதலின், ஆறுநாள் விடுத்தவர் கேட்டை உடனே உணரார்; பின்னரே சோர்வு மெல்லப் புகும். சுண்ணாம்புச் சத்தை ஆளும் சிறு சுரப்பிகள் நான்கும் உடன் கெட்டார்க்கோ, அதற்குரிய மாத்திரையை விடுதல் விரல் மரத்து நரம்பிழுக்கும் இடுக்கணில் விரைந்து கொண்டுவிடும். அவர் நோன்பிற்கு முன்னரே வைத்தியரை வினவி, இரண்டு மாத்திரைகளுக்குமிடையே நான்கு மணி நேரம் விட்டு உட்கொள்வாராக.