சல்லமாதேவியின் சம்மதம்

சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில், வல்லாள மகாராசன் கதையின் நடுவே இளைய அரசி சல்லமாதேவி சிறிது நேரமே வந்து போகிறாள். மணவாழ்வைப் பற்றிய பழைய எண்ணம் அக்கதையில் அரசனைவிட அவளிடமே துலக்கமாகத் தெரிகிறது.

கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுப்பதாக வல்லாளன் கொடி கட்டியிருந்தான். சிவன் அடியாராக வந்து அன்றிரவுக்கு ஒரு பெண் வேண்டுமென்றார். திருவண்ணாமலைக் கணிகையர் அனைவரும் முன்பே பிறருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் எவளும் வரவில்லை. அரசன் வாக்குத் தவற நேர்ந்தபோது சல்லமாதேவி அடியாரிடம் சென்றாள். அவள் நெருங்கியதும் அவர் குழந்தையானார். கணிகையரின் வாக்குக்கு இருந்த மதிப்பு அரசியின் மணவாழ்வுக்கு இல்லாமற்போனது கதையின் கசப்பான முரண்.

கதைப்படி வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் கதையின் மூலமாகிய போசள அரசன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானுடன் பொருது மாண்டபின் அவன் மகன் நான்காம் வல்லாளன் பட்டமேறியது வரலாறு. பிள்ளையில்லாக் குறை கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது: கொள்ளி வைக்க மகன் வேண்டும், மணம் அதற்கே என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது.

அரசியை அரசன் கேட்டானா, அவளே முன்வந்தாளா? சொல்பவருக்குச் சொல்பவர் இது மாறுகிறது. அவளே முன்வந்தாள் என்பவர்கள் அரசனைப் பழியிலிருந்து காக்க முயல்கிறார்கள் என்றே தோன்றுகிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்து இயற்பகையார் கதையில் இந்த மழுப்பல் இல்லை. மனைவியைக் கேட்டு வந்த அடியாருக்கு அவளைத் தந்துவிட்டதாகக் கணவர் அறிவிக்கிறார். பெயரில்லாத அந்த அம்மையார் முதலில் கலங்குகிறார். பின்பு தெளிந்து, கணவர் சொன்னதைச் செய்வதன்றித் தமக்கு வேறு உரிமை உண்டோ என்கிறார். சேக்கிழார் அந்தக் கலக்கத்தை மறைக்காமல் பதிவு செய்தது பெரிது.

இரு கதைகளும் எழுப்பும் அறக்கேள்வி ஒன்றே. கணவன் சொல் கேட்பதும் கற்பு, பிறரை நாடாமையும் கற்பு. முதலாவது இரண்டாவதை அழிக்கச் சொன்னால் மனைவி எதைக் காப்பாள்? தன்னைப் பணயம் வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டா என்று பாரதத்தில் திரௌபதி சபை நடுவே கேட்டாள். சல்லமாதேவி கேட்கவில்லை. புராணமும் விடை சொல்லவில்லை. அற்புதம் குறுக்கிட்டு, விடை தேவைப்படுமுன் மனைவியைத் தாயாக்கிவிடுகிறது. அடியார் அடியாராகவே இருந்திருந்தால் என்ன என்பதைப் புராணத்தால் எழுதிப் பார்க்க முடியவில்லை. தன் இலட்சியத்தை அதுவே முழுதாக நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருவண்ணாமலைத் தலத்தின் இன்னொரு கதை வேறு தடத்தில் செல்கிறது. உமை இங்கே தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்றாள். கார்த்திகை தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் வெளிவந்து காட்சி தருகிறார். அங்கே மனைவி பாதி உடம்பு. கொடுக்கவோ வாங்கவோ கூடிய பொருளாக அவள் இல்லை. சைவத்தின் தத்துவம் இதைச் சொல்ல, பக்திக் கதைகள் மனைவியையும் அடியாருக்குரிய தானப்பொருளாக வைத்தன. இந்த இடைவெளியை உரைகாரர்கள் பெரும்பாலும் தொண்டின் உறுதி என்று விளக்கிக் கடந்துவிடுகிறார்கள்.

வல்லாளனுக்கு மகனாக நின்று சிவனே ஈமக்கடன் செய்வதாக வாக்களித்தார் என்பது ஐதீகம். அதன்படி ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளித் திதி கொடுக்கிறார். திதி வல்லாளன் பெயரில் நடக்கிறது.