வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்குமா?

இப்னு லுத்பிய்யாவை நம் மிம்பர்களில் ஓர் ஊழல்காரராகவே அறிமுகப்படுத்துகிறார்கள். பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் அவர். திரும்பி வந்ததும், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் (ஸல்) அதைக் கண்டித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அந்த மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. தன் பங்கை வழியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தோடு வந்து நிற்கவில்லை. எவரும் கேட்காமலே சொன்னார். இன்றைய சட்ட மொழியில் சொன்னால், சொத்து விபரத்தை முழுமையாக வெளிப்படுத்தினார்.

தகப்பன் தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே நபியவர்களின் வினா. வெளிப்படுத்தல் முடிந்த இடத்தில்தான் அந்த வினா தொடங்குகிறது.

நம் நாட்டுச் சட்டமோ அந்த முதல் படிக்கு வந்து சேரவே அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. சொத்துக்கள், பொறுப்புக்கள் வெளிப்படுத்தல் சட்டம் 1975இல் வந்தது. ஆனால் அதிலிருந்த இரகசியம் விசித்திரமானது. ஒருவர் கட்டணம் செலுத்தி ஒரு வெளிப்படுத்தலைப் பார்க்கலாம். பார்த்ததை வெளியில் சொல்லக்கூடாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒரு பத்திரிகையாளர், சொத்து விபரத்தையல்ல, அதை ஒப்படைத்த பாராளுமன்ற உறுப்பினர்கள் யார் யார் என்ற பெயர்ப் பட்டியலை மட்டும் கேட்டார். அதற்கே மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. 2023இல்தான் அவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. இன்று ஜனாதிபதி முதல் அமைச்சர்கள், உறுப்பினர்கள் வரையானோரின் விபரங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

நம்மவர்களில் சிலருக்கு இது உறுத்துகிறது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுக்கிறது. போதாததற்குக் கண்ணூறுப் பயம் வேறு. ஒரு மனிதனின் நகையையும் காணியையும் ஊரறிய விரித்து வைப்பது நம் அதபுக்கு ஒத்ததா என்று கற்றறிந்த நண்பர் ஒருவரே என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி அற்பமாகப் படவில்லை. ஆனால் அதற்கான பதில் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. நபியவர்கள் அந்த விவகாரத்தை மிம்பரில் ஏறி எல்லோர் முன்பும் பேசினார்கள். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. மனிதனின் மானம் மறைக்கப்பட்டது, பதவியின் கணக்கு மறைக்கப்படவில்லை. பதவியோடு வந்த பொருள் அந்தரங்கமல்ல, அமானிதம்.

சரி, வெளிப்படுத்தியாயிற்று. பிறகு? மன்னாரிலிருந்து பார்க்கும்போது இந்தப் பிறகுதான் பெரிதாகத் தெரிகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டு, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளமேறிப் புத்தளம் பக்கம் கரையிறங்கிய சனம் 2009க்குப் பிறகு திரும்பியபோது, எல்லாமே பட்டியலாக இருந்தது. வீட்டுக்கொரு பட்டியல், காணிக்கொரு பட்டியல், நிவாரணத்துக்கொரு பட்டியல். அந்த நாட்களில் எழுத வாசிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. விதவையான ஒரு ராத்தா ஒவ்வொரு முறையும் கந்தோருக்குப் போகும்போது ஒரு பார்சலில் கருவாடு கொண்டுபோவார். வஞ்சிரக் கருவாடு, தன் பிள்ளைகளுக்கு அவர் பொரித்துக் கொடுத்ததை நான் கண்டதில்லை. அந்த உத்தியோகத்தர் கெட்டவரல்ல. அன்போடு தருகிறார்கள், மறுத்தால் மனம் நோகும் என்பார். அவர் மாற்றலாகிப் போனார். பார்சல் அவர் புதிய ஊருக்குப் போகவில்லை. அடுத்து அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தவருக்குப் போனது.

எந்தப் படிவத்தில் எழுதுவது இதை? மார்ச் 31ஆம் திகதியிலுள்ள சொத்துக் கணக்கில் கருவாடு நிற்காது. நல்ல உத்தியோகத்தர் எவரும் தம்மிடம் விதிகளைக் காட்டினால் தம் நேர்மையைச் சந்தேகிப்பதாக முகம் சுளிக்கிறார்கள். விதி இருப்பது அவர்களுக்காக அல்ல. கொடுக்காமல் இருக்க முடியாத அந்த ராத்தாவுக்காக. எல்லோரும் வெறுங்கையோடு வருகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அவராலும் வெறுங்கையோடு வரமுடியும்.

உறவினர் விடயம் இன்னும் சிக்கலானது. சின்ன ஊரில் யார்தான் உறவில்லை? இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ள ஒரு சம்பவம் உண்டு. உமர் (ரலி) அவர்களின் இரண்டு புதல்வர்கள் ஈராக்கிலிருந்து திரும்பும்போது பஸராவின் ஆளுநர் அபூ மூஸா (ரலி) அரசுப் பணத்தைக் கடனாகக் கொடுத்து, சரக்கு வாங்கி மதீனாவில் விற்று முதலை ஒப்படைத்துவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுமாறு சொன்னார். சட்டப்படி குற்றமில்லை; முதல் பத்திரமாக வந்து சேர்ந்தது. உமர் கேட்டது, படையிலுள்ள எல்லோருக்கும் இப்படிக் கொடுத்தாரா என்று. இல்லை என்றார்கள். முடிவில் இலாபத்தில் பாதி பைத்துல்மாலுக்குப் போனது. மனைவி மக்களின் சொத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் இன்றைய சட்டத்தைக் கடுமையானது என்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

பெரிய இடத்துக் கொடுக்கல் வாங்கலில் கைமாறுவது பணமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி நிறுவனத்துக்குக் கொடுக்க மேலிடத்து அழுத்தம் இருந்ததாக 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழு முன் சொன்னார். பிறகு சொன்னதை வாபஸ் பெற்று, பதவியும் விலகினார். ஜனாதிபதி மறுத்தார். அந்த நிறுவனம் 2025இல் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. எவர் சொன்னது உண்மை என்பது ஒருபுறம் இருக்க, போட்டி விலைமனு இல்லாமல் ஒரு தீவின் காற்றை ஒருவருக்கு ஒதுக்க முடிந்தால், சொத்துப் படிவங்கள் அத்தனையும் சுத்தமாகவே இருக்கும்.

இதற்கு மாற்று நம் கடற்கரையிலேயே இருந்தது. மறிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் அள்ளப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் குளித்த கடல் அது. மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. கொட்டு என்ற வேலியடைப்புக்குள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பது குளித்தவர்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று காட்டுவது அரசு அதிகாரி. பிரிப்பவனுக்குத் தெரிவு இல்லை, தெரிபவனுக்குப் பிரிவு இல்லை. அதைச் செய்தது வெள்ளைக்கார அரசாங்கம், தன் வருமானத்தைக் காக்கத்தான். இருந்தும் அந்தக் குவியல்களின் முன் யாருடைய தக்வாவையும் அளக்கத் தேவைப்படவில்லை.

ஒரு வீட்டுப் பட்டியலை அப்படிப் பிரிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறேன். புள்ளி போடுபவர் ஒருவர், பெயர் தெரியாமல் வரிசைப்படுத்துபவர் வேறொருவர். யாருக்கு எத்தனை புள்ளி, ஏன் என்பது கந்தோர்ச் சுவரிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில், தேவாலய வாசலிலும் தொங்கவேண்டும். ஊரில் சண்டை வரும் என்றார்கள். சண்டை இப்போதும் இருக்கிறது, அடுப்படிகளுக்குள்.